வலது கை மேலே

ஆக்லாந்தில், கிளென்ஃபீல்ட் பக்கம் அந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்திய பிறகும் சிவனேசன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து வயிற்றுக்கு நேரே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். வலது கை மேலே, இடது கை கீழே. அப்படியே நெற்றிவரை தூக்க வேண்டும், மண்டியிட வேண்டும், தலையைத் தரையில் வைக்க வேண்டும். எழுந்திருக்கும்போது முட்டி சத்தம் போடாமல் இருந்தால் நல்லது. காலை வெயில் அதற்குள் கண்ணாடியில் சுள்ளென்று அடித்தது. பிப்ரவரி மாதத்துச் சில்வண்டுகள் வேலியோரத்து மரத்தில் விடாமல் இரைந்தன.

அன்று கொரியர்களுக்குப் புத்தாண்டு. அவனை விருந்துக்கு அழைத்திருந்தார்கள் என்றாலும் உண்மையில் அழைத்தது ஒரு காரியத்துக்காக. சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டு அம்மாளிடம் அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன், நானே திருப்பிக் கொண்டுவந்தும் விடுகிறேன். அதற்கு அந்த அம்மாள் தலையசைத்தால் கிழவருக்கு இதயத்தில் வால்வு மாற்றுவார்கள். அசைக்காவிட்டால் வருகிற குளிர்காலத்தை அவர் தாண்டுவது கஷ்டம். டாக்டர் இதை இன்னும் மென்மையாகச் சொல்லியிருந்தார். பொருள் இதுதான்.

சிவனேசனுக்கு ஊர் மலேசியாவில் தெலுக் இந்தான். ஆக்லாந்துக்கு வந்த புதிதில் மனுகாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிப்போகும் வேனுக்கு மாறினான். த்ரீ கிங்ஸில் வாடகை வீடு, மனைவி சாந்தகுமாரி, பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். பேச்சு அதிகம் வராது அவனுக்கு. அதனாலேயோ என்னவோ வேனில் ஏறுகிறவர்கள் எல்லாம் அவனிடம் பேசிவிடுவார்கள். பிள்ளைகளிடம் சொல்லாததை, பெண்டாட்டியிடம் மறைத்ததை, பின்னாலிருந்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். அவன் "ஆமா" என்பான். சிக்னலில் நின்றால் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்ப்பான். அவ்வளவுதான் அவன் பங்கு.

கிழவர் ஹான் அப்படித்தான் அவனுக்குப் பழக்கமானார். வாரத்துக்கு இரண்டு தடவை இதய கிளினிக்குக்கு அவரை ஏற்றிப்போய் இறக்கிவிடுவது போன வருஷத்திலிருந்து அவன் வேலை. ஆக்லாந்தில் பாதி அடுக்குமாடிகளின் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிய மனிதர் அவர். வேன் பாலத்தில் ஏறி ஊர் கண்ணில் பட்டதும் விரலை நீட்டுவார். "அது நான். அந்த வெள்ளைக் கட்டடம், அதுவும் நான்." அவருடைய ஆங்கிலத்தில் அவரே பல கட்டடங்களாக நின்றார். ஒருநாள் திரும்பி வரும்போது, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போவதில்லை என்றார். தனக்குப் பயமில்லையாம். மனைவிக்குத்தான் பிடிக்கவில்லையாம். "அவளைக் கேட்காம நான் சட்டைகூட வாங்கினதில்ல" என்றார், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மாளுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதை மகள் சூஜின்தான் போனில் சொன்னாள். அம்மாளின் அண்ணன் சொந்த நாட்டில், தேகு நகரத்தில் ஒரு சாதாரண ஆபரேஷனுக்குப் போனவர். சிரித்துக்கொண்டே உள்ளே நடந்து போனார், துணி போர்த்தித்தான் வெளியே வந்தார். கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தவள் அம்மாள். டாக்டர் சொல்லியாயிற்று, மகள் அழுதாயிற்று, மருமகன் இணையத்திலிருந்து புள்ளிவிவரம் எல்லாம் எடுத்துக் காட்டியாயிற்று. அம்மாள் எதற்கும் அசையவில்லை.

"அம்மாவுக்கு உங்களைப் பிடிக்கும், மிஸ்டர் சிவா. கிம்ச்சி ஜாடி குடுத்தப்ப ரெண்டு கையால வாங்கினீங்களாம், அதை இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றாள் சூஜின். புத்தாண்டுக் காலையில் சின்னவர்கள் பெரியவர்களை விழுந்து வணங்குவார்கள், அதை மட்டும் அவன் செய்துவிட்டால் அம்மாள் மனசு இளகிவிடும், அப்புறம் அவன் சொன்னால் கேட்பாள் என்பது அவள் கணக்கு.

விழுந்து கும்பிடுவது ஒன்றும் சிவனேசனுக்குப் புதிதில்லை. ஆனாலும் அவர்கள் முறைப்படி செய்ய வேண்டுமே என்று, முந்தின வாரமே மகள் யுவனேஸ்வரியிடம் கேட்டு ஒரு வீடியோ போட்டுப் பார்த்தான். அதில் பட்டுச் சட்டை போட்ட ஒருவன் இடது கையை வலது கையின்மேல் வைத்துக்கொண்டு நின்றான். துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்த சாந்தகுமாரி அதைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டைக் கீழே போட்டாள்.

"ஏங்க, இது கண்ணாடி மாதிரி திரும்பியிருக்குங்க. செல்ஃபியில எடுத்தா அப்படித்தான் வரும் லா."

"நோ அம்மா, இட்ஸ் லெஃப்ட்" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. பெரியவங்க முன்னாடி எந்த ஊர்லயாவது இடது கைய மேல வைப்பாங்களா?"

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். வீடியோவில் மிச்சம் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சிவனேசனுக்கும் மனைவி சொன்னதுதான் சரியென்று பட்டது. சின்ன வயதில் கடைக்காரரிடம் இடது கையால் காசு நீட்டியதற்கு அவன் அம்மா நடுத்தெருவில் வைத்து மண்டையில் குட்டியிருக்கிறாள். உலகத்தில் எந்தப் பெரியவர் முன்னாலும் இடது கை மேலேறி உட்காராது என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் துளி சந்தேகம் இல்லை. கூடத்துக் கம்பளத்தில் சாந்தகுமாரியையே நாற்காலியில் உட்கார வைத்து, வலது கை மேலே வைத்துப் பழகினான். அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆசீர்வாதம் செய்தாள்.

வேனை விட்டு இறங்கினான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் நல்லெண்ணெய் வாசனையும் ஊதுபத்திப் புகையும் ஒன்றாக முகத்தில் வந்தன. ஒரு கணம் அவனுக்குத் தைரியமாகக்கூட இருந்தது. கூடத்தில் திரை விரித்து, அதன்முன் தாழ்வான மேசையில் படையல் வைத்திருந்தார்கள். பழங்களின் தலையைச் சீவி அடுக்கியிருந்தார்கள், முழு மீன் ஒன்று கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. காலமான பெரியவர்களுக்கு முதலில் படைத்த பிறகுதான் உயிரோடிருக்கிறவர்களுக்கு வணக்கம் என்று சூஜின் காதோடு சொல்லி அவனைப் பின்னால் உட்கார வைத்தாள்.

கிழவர் சாம்பல் நிறப் பட்டில் இருந்தார். நாற்காலி வேண்டாமென்று சொல்லிவிட்டு மருமகனோடு படையலுக்கு முன்னால் நின்று தரையில் விழுந்தார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. சிவனேசனுக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது, கைகள் தெரியவில்லை. இரண்டாவது தடவை எழுந்திருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து அவன் தன்னையறியாமல் பாதி எழுந்துவிட்டான். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. சுவரோரம் நின்ற அம்மாள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை, என்று சிவனேசன் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வழியில் வேன் நின்றது. படகை இழுத்துக்கொண்டு மீன்பிடிக்கக் கிளம்பியவர் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. சிவனேசன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். படகு போவதற்கு ரிவர்ஸ் எடுத்து, தெருவில் இடம் தேடி நிறுத்திவிட்டு வருவதற்குள் உள்ளே ஒரு கட்டம் முடிந்திருந்தது. வீட்டார் எல்லோரும் வணங்கி எழுந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் கையில் பணம் வைத்த உறை இருந்தது. கிழவரும் அம்மாளும் இரண்டு திண்டுகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்காக, அவன் ஒருவனுக்காகக் காத்திருந்தார்கள்.

"கிசா-நிம், வாங்க" என்றாள் அம்மாள். வண்டி ஓட்டுகிறவரை அவர்கள் மொழியில் மரியாதையாக அழைக்கும் சொல் அது. இத்தனை நாளில் அவள் அவனைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

சிவனேசன் நடுக்கூடத்தில் போய் நின்றான். வலது கையை இடது கையின்மேல் வைத்தான். கிழவரின் கண்ணில் ஏதோ ஒன்று அசைந்தது போலிருந்தது. அவன் அதற்குள் குனிய ஆரம்பித்துவிட்டான். கையை நெற்றிவரை தூக்கினான், மண்டியிட்டான், தலையைத் தரையில் வைத்தான். முட்டி சத்தம் போடவில்லை. எழுந்தான். கூடத்தில் ஒரு சத்தமில்லை. அந்த அமைதியை அவன் பக்தி என்று நினைத்தான். மறுபடியும் விழுந்தான்.

இரண்டாவது தடவை நெற்றி தரையைத் தொட்டபோது அம்மாள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. தலையைத் தூக்கினால் யார் முகமும் சரியாக இல்லை. பேத்தி ஒருத்தி களுக்கென்று சிரிக்க, மருமகன் அவள் வாயைப் பொத்தினார். அம்மாள் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூஜின் அவனை வராந்தாப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். ஆண்கள் நல்ல நாளில் இடது கையைத்தான் மேலே வைக்க வேண்டும். வலது கை மேலே வருவது சாவு வீட்டில். உயிரோடிருக்கிறவருக்கு ஒரு வணக்கம், செத்தவருக்கு இரண்டு. அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை, அதுதான் அவனுக்கு இன்னும் தாங்கவில்லை.

யாரும் அவனுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. பொங்கலன்று ஒருவன் தன் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தன் அப்பாவின் வாயில் எல்லோர் முன்னாலும் வாய்க்கரிசி போட்டால் எப்படியிருக்கும்? அதைத்தான் அவன் செய்திருக்கிறான். அதுவும் ஒத்திகை பார்த்து, மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துப் பழகிவிட்டு வந்து செய்திருக்கிறான்.

சூஜின் உள்ளே போய்விட்டுத் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. "ஆபரேஷன் வேண்டாம்ங்கிறாங்க. திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் போன் பண்ணிச் சொல்லிடணுமாம்." பிறகு யாருக்கோ சொல்வதுபோல, "இன்னொரு தேதி கிடைக்க மாசக்கணக்கா ஆகும். அப்பாவுக்கு மாசக்கணக்கு இல்ல" என்றாள்.

கூடத்தில் கிழவர் அதே திண்டில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவனேசன் கையில் வேன் சாவி இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், ஒருவேளை நிம்மதியாகக்கூட இருக்கும் அவர்களுக்கு. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சமையலறைக் கதவைத் தட்டினான். வாழ்க்கையில் அவன் யார் வீட்டுச் சமையலறைக் கதவையும் அப்படித் தட்டியதில்லை.

அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, வாசலில் நின்று சூஜின் கொரிய மொழியில் சொன்னாள். எங்கள் ஆட்கள் பெரியவர்களுக்கு இடது கையால் எதுவும் கொடுப்பதில்லை. சாப்பிடுவது, திருநீறு எடுப்பது, தாலி கட்டுவது எல்லாம் வலது கை. உங்கள் வீட்டுக்காரருக்கு முன்னால் இடது கையை மேலே வைக்க எனக்கு மனசு வரவில்லை. படையலுக்கு இரண்டு தடவை விழுந்ததைப் பார்த்தேன், இவருக்குக் குறைத்துச் செய்யக்கூடாது என்று நினைத்துவிட்டேன்.

கத்தி நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாள் ஏதோ கேட்டாள். இடது கையால் பிறகு என்னதான் செய்வீர்கள் என்று கேட்கிறாள் என்றாள் சூஜின். சிவனேசனுக்குக் காது சுட்டது. கால் கழுவுவோம் என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? ஒருவழியாகச் சொன்னான். சூஜின் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். அம்மாளின் பார்வை மேசைமேல் இருந்த அவனுடைய இடது கைக்கு வந்தது, அதன் பக்கத்தில் நறுக்கி வைத்திருந்த அரிசிக் கொழுக்கட்டைத் துண்டுகளுக்கு வந்தது. அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"வலது கை மேலேன்னு யார் சொன்னது?"

"என் மனைவி."

அம்மாள் கத்தியை வைத்தாள். "அப்ப இவனும் பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத்தான் நடக்கிறானா?"

சூஜின் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அம்மாள் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஈரக் கையை மேலாடையில் துடைத்தபடி பேச ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா, உடம்பு நன்றாக இருக்கும்போதே தன் சாவுத் துணியைச் சணல்நாரில் தைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டவள். அவர்கள் ஊரில் அது வழக்கம். முன்னாலேயே தயாராக இருக்கிற வீட்டுக்குச் சாவு அவசரப்பட்டு வருவதில்லை என்று ஒரு நம்பிக்கை. அந்தத் துணியைப் பூச்சி அரித்துவிட்டது என்று மருமகள்களைத் திட்டும் அளவுக்கு அவள் இருந்துவிட்டுத்தான் போனாளாம்.

 வெளியே கூடத்தில் கிழவர் இருமினார். மூன்று பேரும் அந்த இருமல் நிற்கும்வரை காத்திருந்தார்கள்.

"என் அண்ணனுக்கு யாரும் முன்னாடியே கும்பிடல" என்றாள் அம்மாள். "ஒண்ணுமில்லாத விஷயம்னு சொல்லித்தான் அனுப்பினோம். சிரிச்சுக்கிட்டே போனான்."

சூஜின் அதை மொழிபெயர்த்தாள். சிவனேசன் தான் சொல்ல வந்த வார்த்தையை நினைத்துப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை நான் கூட்டிப்போகிறேன், நானே கொண்டுவந்து விடுகிறேன். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வந்த வார்த்தை. இப்போது அதைச் சொன்னால் பொய்யாகிவிடும் போலிருந்தது. யாரைத் திருப்பிக் கொண்டுவர முடியும் என்று அவனுக்கு என்ன தெரியும்? 

அம்மாள் எழுந்து, கொதித்துக்கொண்டிருந்த பானையில் கொழுக்கட்டைத் துண்டுகளைப் போட்டாள். பிறகு, திரும்பாமலே, அவனுக்குப் புரியும் நாலு ஆங்கிலச் சொல்லில் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை. வேன். எத்தனை மணி?"

"ஆறு மணிக்கு" என்றான்.

"கிசா-நிம் கொண்டுபோறார். கிசா-நிம்தான் கொண்டுவரணும்."

அவன் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். அது அவன் வாயிலிருந்து வந்திருந்தால் ஆறுதல், அவள் வாயிலிருந்து வந்தபோது கட்டளை. தலையாட்டினான். அவனுக்கென்று மாட்டு எலும்பு போடாமல் நெத்திலியில் தனியாக வைத்த சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து அதைக் குடித்தான், என்ன ருசி என்று தெரியவில்லை. எதிரில் கிழவர் தன் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, "நீ ரொம்ப நல்லாக் கும்பிட்டே. செத்தவனுக்குச் சந்தோஷமா இருந்திருக்கும்" என்றார். அம்மாள் அவரைக் கரண்டியால் மிரட்டினாள்.

அதற்குப் பிறகான நாட்கள்தான் சிவனேசனுக்கு மோசமாகப் போயின. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை எது நடந்தாலும் இனி அது அவன் கும்பிட்ட கும்பிடோடு சேர்ந்துவிடும். சாந்தகுமாரியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "நான்தான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்பது. சொன்னேன் என்றான். அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். யுவனேஸ்வரி மட்டும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, "ஐ டோல்ட் யூ" என்று ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பாலத்தில் ஏறும்போது வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கண்ணாடியாக மின்னியது. கிழவர் ஒரு கட்டடத்தைக்கூட விரல் நீட்டிக் காட்டவில்லை. அம்மாள் முன்சீட்டில், மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் பகுதியின் கதவு வரை அவன்தான் நாற்காலியைத் தள்ளிப்போனான். கதவு மூடியதும், அன்றைக்கு அவனுக்கு இருந்த மற்றச் சவாரிகளை நினைத்துக் கிளம்பப் பார்த்தான். அம்மாள் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். "நீ உட்கார்." அவன் வெளியே போய் ராஜ்னி என்ற ஃபிஜிக்காரச் சக ஓட்டுநரிடம் போனில் கெஞ்சி, சவாரிகளை அவள் தலையில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

காலை போயிற்று. மதியமும் போயிற்று. சொல்லியிருந்த நேரம் தாண்டியது. சூஜின் இரண்டு தடவை கவுண்டருக்குப் போய்விட்டு ஒன்றும் தெரியாமல் திரும்பினாள். அம்மாள் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சிவனேசன் கதவைப் பார்க்கப் பயந்து அம்மாளின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடலாம் என்று பல தடவை தோன்றியது. ஒவ்வொரு தடவையும், அவன் அசைந்ததும் அவள் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது. அவன் இங்கே இருக்கும்வரைதான் கிழவர் திரும்பி வருவார் என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். இல்லை, நடக்கக்கூடாதது நடந்தால் யாரைக் கேட்பது என்று எண்ணியிருக்கலாம். அவனால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் கதவு திறந்து, தொப்பியைக் கழற்றியபடி ஒரு பெண் டாக்டர் வந்தாள். சூஜினைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினாள். அவள் முகத்தில் களைப்பைத் தவிர வேறு எதையும் சிவனேசனால் படிக்க முடியவில்லை. சூஜின் திரும்பி அம்மாவிடம் கொரிய மொழியில் சொன்னாள். ஒரு சொல்லும் அவனுக்குப் புரியாது. அவன் அம்மாளின் முகத்தையே பார்த்தான். அதில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் எழுந்தாள், அவன் பக்கம் வந்தாள், கையை ஓங்கி அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

நல்ல வலி. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சமோவாக் குடும்பம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சூஜின் அழுதுகொண்டே சிரித்தாள்.

"வேன் எங்க நிக்குது?" என்று அம்மாள் கேட்டாள். அப்பா இன்னும் கண்ணே விழிக்கவில்லை, வீட்டுக்கு அனுப்ப ஒரு வாரமாவது ஆகும் என்று மகள் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் எழுந்திருக்கட்டும் என்று நின்றாள்.